பதினொரு விநாடிக்கு மூன்று ஓலை

செம்பாட்டுவெளிப் பிரதேச சபையை நீர்வேலிக்கும் உரும்பிராய்க்கும் நடுவில் தேடி யாரும் பெற்றோலை வீணாக்க வேண்டாம். அகப்படாது. ஆனால் அந்தச் சபையின் கந்தோரில் காத்திருக்கப் போட்ட மர வாங்கில் உட்கார்ந்து இடுப்பு நொந்தவர்கள் குடாநாட்டின் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன். ஆகவே இதைக் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு வெளிநாட்டு உதவித் திட்டத்தில் சபைக்குப் பன்னிரண்டு கமராக்கள் கிடைத்தன. நெஞ்சில் கொளுவிக்கொண்டு திரிகிற சின்னக் கமரா. சபை கேட்டது குப்பை அள்ள ஓர் உழவு இயந்திரம். திட்டத்தில் உழவு இயந்திரம் இல்லை, கமராதான் இருந்தது. குப்பையை அள்ள முடியாவிட்டால் என்ன, போடுகிறவனைப் படம் பிடிக்கலாம்தானே என்று சபை தன்னைத் தேற்றிக்கொண்டது. உத்தியோகத்தர்கள் பகல் முழுக்க எடுப்பது மாலையில் சபையின் முகநூல் பக்கத்தில் ஏறும். திட்டத்துக்கு 'மக்கள் கண்' என்று பெயர்.

திறப்பு விழாவில் தேங்காய் உடைத்தார்கள், செபம் சொன்னார்கள். யாரோ ஒரு பக்தர் கமராக்களுக்குச் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார். பொட்டு வில்லையின் மேலேயே விழுந்ததால் முதல் மூன்று நாளும் செம்பாட்டுவெளி மஞ்சளாகத் தெரிந்தது. தவிசாளர் துரைராஜா பேசினார்.

"எங்கடை சபையிலை ஒளிவு மறைவு எண்ட கதைக்கே இடமில்லை. ஒளிக்க ஒண்டும் இல்லாதவன் கமராவைக் கண்டு ஏன் பயப்பிடோணும்? கீர்த்திகன், உதை ஒருக்கா நிப்பாட்டும், நான் மூக்குச் சீறோணும்."

கீர்த்திகன் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். நிப்பாட்டினான். தவிசாளர் சீறினார். பேச்சு தொடர்ந்தது.

உதவி கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார்கள்: மக்களின் அந்தரங்கத்தைக் காக்க ஒரு குழு வேண்டும். சபை அன்றைக்கே குழு அமைத்தது. தலைவர், தவிசாளர் துரைராஜா. உறுப்பினர், படம் எடுக்கிற கீர்த்திகன். எடுத்தவரே அதைப் பற்றிய முறைப்பாட்டையும் விசாரித்தால் இன்னொருவருக்கு விளக்கிச் சொல்லும் சிரமம் இல்லை. மூன்றாவது ஆள் யாகோப்பு. முப்பது வருடம் மாதா கோயிலில் மணியடித்து, மெழுகுதிரி கொளுத்தி, சங்கிலித்தாம் வேலை பார்த்து ஓய்ந்தவர். அந்தரங்கம் தெரிந்தவர் என்று அவரைப் போட்டார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பக்கத்தில் அவ்வளவு காலம் நின்ற மனிதர்.

அந்தக் குழுவிடம் போன முதல் ஆள் றொசாந்தி. கடைசி ஆளும் அவள்தான்.

றொசாந்தி குருநகர்ப் பெண். இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய புருசன் கிறிஸ்ரோபர் அவளது இடது முழங்கையைத் துடுப்பால் அடித்து முறித்தான். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு, மகள் ஜெசிதாவையும் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குத் திரும்பாமலே வெளிக்கிட்டுவிட்டாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வெடுத்த நவமணி ரீச்சர் செம்பாட்டுவெளியில் தன் வீட்டின் பின்னறையை அவளுக்குக் கொடுத்தார். கிறிஸ்ரோபர் தேடாத இடமில்லை. ஆனால் கடற்கரையோரக் கோயில் பங்குகளைத்தான் தேடினான். கடல் தொழில் செய்கிறவனுக்கு வாழைத்தோட்டத்துக்குள் தேட யோசனை வரவில்லை. கண்டவர்களிடம் எல்லாம் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டிருந்தான்: "அடுத்த முறை கையோடை விடமாட்டன்."

அவள் சந்தையின் வாழைக்குலைக் கொட்டிலில் வேலை செய்தாள். குலையைச் சீப்புச் சீப்பாக வெட்டி, பால் போகக் கழுவி அடுக்குகிற வேலை. காலையில் குருநகர்ப் பக்கமிருந்து வருகிற மீன் வியாபாரிகளின் மோட்டார்ச் சைக்கிள் ஹோர்ன் கேட்டால் தொங்குகிற இதரை வாழைக் குலைகளுக்குப் பின்னால் போய் நிற்பாள். அவர்கள் போனபிறகு வருவாள். இரண்டு வருடம் அப்படியே போனது.

ஒரு வியாழக்கிழமை கீர்த்திகன் நெஞ்சில் கமராவோடு குப்பை தேடிக்கொண்டு சந்தைக்கு வந்தான். குப்பையைத் தேட வேண்டியதே இல்லை, கால் வைக்க இடமில்லாமல் கிடந்தது. ஆனால் அது சபை அள்ளாத குப்பை, ஆகவே படத்துக்கு உகந்ததல்ல. திரும்பினான். கமராவும் திரும்பியது. றொசாந்தி தலைத்துணியை எடுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு யாரோ சொன்ன பகிடிக்குச் சிரித்தாள். பதினொரு விநாடி.

அன்று மாலை சபையின் பக்கத்தில் அது ஏறியது. "செம்பாட்டுவெளிச் சந்தையில் சுகாதாரமான முறையில் பழம் கழுவும் சகோதரி. பாராட்டுவோம்!" கீழே சந்தைக்குப் போகும் வழி, வரைபடத்தோடு.

நவமணி ரீச்சர் தன் போனை நீட்டினார். "பிள்ளை, உது நீயெல்லோ?"

றொசாந்தி பார்த்தாள். தன் சிரிப்பையே அவளால் பார்க்க முடியவில்லை.

அடுத்தநாள் காலை சபை திறக்கும் முன்பே போய் நின்றாள். கருமபீடத்தில் இருந்தது கீர்த்திகன்தான். நெஞ்சில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது.

"தங்கச்சி, கொஞ்சம் யன்னல் பக்கம் திரும்புங்கோ. முறைப்பாடு பதிவாகோணும்."

"அண்ணை, என்னைப் படம் எடுக்க வேண்டாம் எண்டு சொல்லத்தான் வந்தனான்."

"ஓம், அதைத்தான் படத்திலை சொல்லுங்கோ. அப்பதானே அத்தாட்சி."

விண்ணப்பப் படிவத்தில் பத்தொன்பது கேள்விகள். இப்போது எங்கே இருக்கிறீர்? எங்கே இருந்து வந்தீர்? யாருக்குத் தெரியக்கூடாது? அவருடைய பெயர், விலாசம் என்ன? பிள்ளைகள் இருந்தால் எந்தப் பள்ளிக்கூடம், எந்த வகுப்பு? காரணம் என்ற இடத்தில் றொசாந்தி 'எனக்கு விருப்பமில்லை' என்று எழுதினாள். கீர்த்திகன் படிவத்தைத் திருப்பித் தள்ளினான்.

"விருப்பமில்லை எண்டது காரணமில்லை, தங்கச்சி. அது குணம். காரணத்தை எழுதுங்கோ."

அவள் எழுதினாள். துடுப்பையும் எழுதினாள்.

"இதை ஆர் ஆர் பாப்பினம், அண்ணை?"

"ஒரு குருவியும் பாக்காது. இது அந்தரங்கக் கோவை" என்று சொல்லி, அவன் ஒவ்வொரு பக்கமாக நெஞ்சுக்கு நேரே பிடித்து ஆறுதலாக வாசித்தான். சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டே இருந்தது.

திங்கட்கிழமை குழு கூடியது. கூட்ட அறையின் கதவுக்குத் திரை போட்டிருந்தார்கள். கதவில் ஒரு பலகை: உள்ளே படம் எடுக்கத் தடை. றொசாந்தியை உள்ளே விட்டு, அவளுடைய பதினொரு விநாடியைச் சுவரில் பெரிதாகப் போட்டார்கள். ரீ கொண்டுவந்த பெண்ணும் நின்று பார்த்தாள். வரி கட்ட வந்த இரண்டு பேர் திரையை விலக்கிப் பார்த்தார்கள்.

"படத்திலை இருக்கிறது நீர்தான் எண்டதுக்கு என்ன உறுதி?" என்று தவிசாளர் கேட்டார்.

"நான்தான் ஐயா. பாத்தாலே தெரியுதே."

"பாத்தால் தெரியும், பிள்ளை. ஆனால் பாத்ததை எப்பிடிக் கோவையிலை போடுறது? நாளைக்கு வேறை ஒருத்தி வந்து, அது நான், அழிக்கப்படாது எண்டால்?"

உருவ ஒப்பீடு செய்வதென்று குழு தீர்மானித்தது. சந்தையிலிருந்து ஒரு பேசினும் ஒரு கதலிக் குலையும் வந்தன. றொசாந்தி கூட்ட அறையின் நடுவில் குந்தியிருந்து பழம் கழுவினாள். அதைக் கீர்த்திகன் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்தான். தடைப் பலகை பொதுமக்களுக்குத்தான். தலைத்துணியைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினாள். சிரிக்கச் சொன்னார்கள். அவளுக்கு வரவில்லை. சிரிப்பு ஒத்துப்போகவில்லை என்று யாகோப்பு குறித்துக்கொண்டார். கடைசியில் அவளைக் காட்டிக் கொடுத்தது நேராகாத இடது முழங்கை. அதை நீட்டச் சொல்லி, எப்படி முறிந்தது என்று கேட்டு, 'துடுப்பு' என்று எழுதி, மூன்று பேரும் கையெழுத்து வைத்தார்கள். பதினொரு விநாடியை அழிக்கக் கேட்டுப் போனவள் நாற்பது நிமிடப் படத்தைக் கொடுத்துவிட்டு எழும்பினாள். கதலிக் குலையைத் தவிசாளரின் சாரதி வாகனத்தில் ஏற்றினான்.

அதைக் கண்டதும் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

"ஐயா, அண்டைக்கு என்ரை வீடியோவுக்குக் கீழை உங்கடை சாரதி சந்தையிலை ரெண்டு குலை ஏத்தின வீடியோவும் இருந்தது. ரீச்சரின்ரை போனிலை பாத்தனான். இப்ப அது இல்லை. அதை எப்பிடி அழிச்சனியள்?"

"நாலே நிமிசத்திலை அழிச்சிட்டன்" என்றான் கீர்த்திகன் பெருமையாக.

தவிசாளர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு றொசாந்தியிடம் திரும்பினார்.

"அது வேறை, பிள்ளை. அது சபையின்ரை அந்தரங்கம். அதுக்கெல்லாம் படிவம் நிரப்பிக்கொண்டு இருக்கேலாது."

அவள் அழுததைக் கண்டு குழு மனமிரங்கியது. முடிவு வரும்வரைக்கும் முகத்தை மறைத்துவிடச் சொன்னது. அன்று மாலையே கீர்த்திகன் அவள் முகத்தைக் கலங்கலாக்கிவிட்டான். யாரை மறைத்தோம் என்று நாளைக்குக் கணக்காய்வில் கேட்டால் சபை பதில் சொல்ல வேண்டுமே. ஆகவே கீழே எழுதினான்: "முகம் மறைக்கப்பட்டவர்: கிறிஸ்ரோபர் றொசாந்தி, நவமணி ரீச்சர் வீடு, சந்தை ஒழுங்கை." அதுவரை அந்தப் படத்தை நூறு பேர் பார்த்திருப்பார்கள். முகத்தை மறைத்த பிறகு நாலாயிரம் பேர் பார்த்தார்கள். மறைத்திருக்கிறார்கள் என்றால் ஏதோ இருக்கிறது என்றுதானே சனம் நினைக்கும்.

இனி அழிக்கலாமா என்ற பேச்சு அடுத்த கூட்டத்தில் வந்தது. யாகோப்பு தொண்டையைக் கனைத்தார். அன்று அவர் பேசியதைக் கேட்டிருந்தால் முப்பது வருட மணியோசை மூளைக்கு என்ன செய்யும் என்று உங்களுக்கே விளங்கியிருக்கும்.

"அழிக்கிறது லேசுப்பட்ட வேலையில்லை. அழிச்சால் அழிச்சதுதான், கலியாணம் மாதிரி. பிறகு ஏலாது. கோயிலிலை என்ன செய்யிறம்? மூண்டு ஞாயிறு ஓலை வாசிக்கிறம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிஞ்சவை வந்து சொல்லுங்கோ எண்டு கேக்கிறம். அதே மாதிரி இதுக்கும் ஓலை வாசிப்பம்."

தவிசாளருக்கு ஓலையைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் மூன்று கிழமை என்ற சொல் அவருக்குப் பிடித்துக்கொண்டது. மூன்று கிழமைக்குக் குறைவாக எந்த வேலையும் அந்தச் சபையில் நடந்ததில்லை.

"நல்ல யோசினை. சந்தையிலை வாசிப்பம்."

"சந்தையிலை மட்டும் வாசிச்சால் செல்லாது" என்றார் யாகோப்பு. "ஓலை எண்டால் ரெண்டு பங்கிலையும் வாசிக்கோணும். இப்ப இருக்கிற இடத்திலையும், சொந்தப் பங்கிலையும். சொந்தப் பங்கிலைதானே ஆளைத் தெரிஞ்ச சனம் இருக்கும். பிள்ளையின்ரை சொந்தப் பங்கு குருநகர்."

ஏகமனதாக நிறைவேறியது. குழுவின் தீர்மானங்கள் அந்தரங்கமானவை என்பதால் றொசாந்திக்கு அது சொல்லப்படவில்லை. மூன்று கிழமை பொறுக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு காலை, பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம் பார்த்து, சபையின் ஓட்டோ ஒலிபெருக்கியோடு குருநகர் ஒழுங்கைகளில் ஓடியது.

"குருநகரைப் பிறப்பிடமாகவும், செம்பாட்டுவெளி சந்தை ஒழுங்கை நவமணி ரீச்சர் வீட்டை வதிவிடமாகவும் கொண்ட கிறிஸ்ரோபர் றொசாந்தி, தாம் இருக்கும் இடம் யாருக்கும் தெரியக்கூடாது என விண்ணப்பித்துள்ளார். இதில் ஆட்சேபம் உள்ள உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் சபைக்கு அறியத்தரவும்."

மரண அறிவித்தலுக்கும் இதே ஓட்டோதான், இதே குரல்தான். பாதியில் கேட்ட இரண்டு மூன்று பேர் றொசாந்தி செத்துப்போனாள் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

பத்து மணிக்கு அதே ஓலை செம்பாட்டுவெளிச் சந்தையில் வாசிக்கப்பட்டது. குலை வெட்டிக்கொண்டிருந்த றொசாந்தி கத்தியைப் போட்டுவிட்டு ஓட்டோவுக்குப் பின்னால் ஓடினாள். கீர்த்திகன் உள்ளே இருந்தான்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ! எனக்கு ஒண்டும் அழிக்க வேண்டாம். படம் கிடக்கட்டும். விண்ணப்பத்தைத் திருப்பித் தாங்கோ, போதும்."

"விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்கிறதுக்கும் மூண்டு ஓலை வாசிக்கோணுமே, தங்கச்சி" என்றான் அவன் உண்மையான கவலையோடு. "அது இன்னும் மூண்டு கிழமை. இதைப் பேசாமல் ஓடவிட்டால் கெதியா முடிஞ்சிடும்."

ஓட்டோ சந்தைக்குள் மட்டும்தான் கத்துகிறது என்று றொசாந்தி நினைத்துக்கொண்டிருந்தாள். அன்றிரவே போய்விடலாம் என்றார் ரீச்சர். ஆனால் ஜெசிதாவுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை மூன்றாவது ஞாயிறு. அந்தப் பிள்ளை ஒரு வருடமாக அதற்கென்றே படித்தது. இந்த ஒன்றையாவது அவளுக்குக் கெடுக்காமல் விடுவோம் என்று தாய் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். வேலைக்குப் போகவில்லை. யன்னல் திறக்கவில்லை. பரீட்சையன்று பிள்ளையை ரீச்சர்தான் கூட்டிக்கொண்டு போய் வந்தார்.

திங்கட்கிழமை காலை சபையிலிருந்து போன் வந்தது.

"தங்கச்சி, ஒரு ஆட்சேபம் வந்திருக்கு. பத்து மணிக்கு விசாரணை."

"ஆர் அண்ணை ஆட்சேபம்?"

"அதெப்பிடிச் சொல்லுறது? அது அவரின்ரை அந்தரங்கமெல்லோ."

ரீச்சர் அவள் கையைப் பிடித்தார். "போகாதை பிள்ளை. பை கட்டியாச்சு. இப்பிடியே வவுனியா பஸ் எடுப்பம்."

"கோவையிலை ஜெசிதான்ரை பேரும் பள்ளிக்கூடமும் கிடக்கு ரீச்சர். பள்ளிக்கூடத்திலை விடுகைப் பத்திரம் கேட்டால் எங்கை மாறிப் போறம் எண்டும் எழுதுவினம். அவன் அந்த நூலைப் பிடிச்சுக்கொண்டு வந்திடுவான். அந்தப் பேப்பரை மட்டும் வாங்கிக்கொண்டு வாறன். நீங்கள் பிள்ளையோடை பஸ் தரிப்பிலை நில்லுங்கோ."

கூட்ட அறையில் கிறிஸ்ரோபர் முன்வரிசையில் இருந்தான். வெள்ளைச் சேட்டு, படிய வாரிய தலை. மடியில் படிவத்தின் நகல். ஆட்சேபம் சொல்கிறவருக்கு விண்ணப்பத்தின் முழுப் பிரதியும் கொடுக்க வேண்டும் என்பது விதி.

றொசாந்தி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் கீர்த்திகன் நின்றதால் திரும்பவும் முடியவில்லை.

"வாரும் பிள்ளை, இரும்" என்றார் தவிசாளர். அவருடைய முகம் மலர்ந்திருந்தது. "இந்தச் சபை தொடங்கின நாளிலை இருந்து ஒரு படிவத்தை ஒரு பிழையும் இல்லாமல் நிரப்பித் தந்த ஒரே மனிசன் உவர்தான். ஒரு வெட்டுக் கொத்து இல்லை. எனக்குக் கண் கலங்கிப்போச்சு."

"நான் முதல் ஓலை கேட்ட அண்டைக்கே வந்தனான், ஐயா" என்றான் கிறிஸ்ரோபர் பணிவாக. "நேரை வீட்டை போவம் எண்டுதான் வெளிக்கிட்டனான். நீங்கள்தான், பொறும், முறையாச் செய்வம், நாங்களே ஆளைக் கூப்பிட்டுத் தாறம் எண்டனியள்."

"முறை எண்டு ஒண்டு இருக்கெல்லோ" என்றார் யாகோப்பு.

கிறிஸ்ரோபர் நகலைப் புரட்டினான். "ஜெசிதா அஞ்சாம் வகுப்பு எண்டு போட்டிருக்கு. நல்லாப் படிக்கிறாளோ?"

றொசாந்தி அவனைப் பார்க்கவில்லை. தவிசாளரைப் பார்த்தாள். "ஐயா, இவர்தான் என்ரை கையை முறிச்சவர். எழுதித் தந்தனான். நீங்களே கையெழுத்து வைச்சனீங்கள்."

"ஓம், ஓம், வாசிச்சனான். துடுப்பு." அவர் தலையாட்டினார். "ஆனால் பாரும், இவர் உம்மடை புருசன். தன்ரை மனிசியின்ரை படத்தை அழிக்கிறதுக்கு ஒருத்தர் ஆட்சேபம் சொன்னால் அது பாசமெல்லோ? படத்தை அழிக்கிறதோ இல்லையோ எண்டு நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு ஒரு முடிவுக்கு வாங்கோ. நாங்கள் வெளியிலை நிக்கிறம்."

"வேண்டாம் ஐயா."

"ஒரு நிமிசம்." தவிசாளர் கையை உயர்த்தினார். அவருக்கு ஏதோ பெரிய விசயம் தட்டுப்பட்டுவிட்டது தெரிந்தது. "கீர்த்திகன், கமராவை நிப்பாட்டும். இது புருசன் பெண்சாதி விசயம். அந்தரங்கம். இதுக்குத்தானே எங்களைக் குழுவாய்ப் போட்டவை."

றொசாந்தி கீர்த்திகனின் சேட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சிவப்பு வெளிச்சத்தைக் கையால் பொத்திக்கொண்டாள், அது அணைந்துவிடாமல்.

"நிப்பாட்டாதேங்கோ அண்ணை. எடுங்கோ. எல்லாத்தையும் எடுங்கோ. முகநூலிலை போடுங்கோ, முழு ஊரும் பாக்கட்டும். என்னைத் தனிய விட்டிட்டுப் போகாதேங்கோ."

"பாவம், பதறுறாள்" என்றான் கீர்த்திகன். விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாக விலக்கிவிட்டு, கமராவை நிறுத்தினான்.

மூன்று பேரும் வெளியே வந்தார்கள். யாகோப்பு திரையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்தி, உள்ளே யாரும் போகாமல் தானே முன்னால் நின்றார். ரீ வந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே கதிரை ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. பிறகு வேறு சத்தம்.

"ஐயா, உள்ளை ஏதோ..." என்றான் கீர்த்திகன்.

"காது குடுக்காதையும்" என்றார் தவிசாளர். "படிச்ச பெடியன், உமக்குத் தெரியாதே?"

பஸ் தரிப்பில் நவமணி ரீச்சர் இரண்டு வவுனியா பஸ்களைப் போகவிட்டார். சபையின் பக்கத்தில் அந்தப் பதினொரு விநாடி இன்றைக்கும் இருக்கிறது. விண்ணப்பதாரர் அதன்பிறகு சமூகமளிக்காதபடியால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அன்றைய கூட்டக் குறிப்பின் கடைசி வரி தவிசாளரின் சொந்தக் கையெழுத்தில் இருக்கிறது: "மு.ப. 10.47 முதல் பதிவு இல்லை. அந்தரங்கம் முழுமையாகப் பேணப்பட்டது."